நிகழ்வு இன்னும் நடக்கவில்லை

அந்த அட்டைப்பெட்டி நிறுவனத்தில் வெயிலும் மழையும் ஜன்னலுக்கு வெளியே தங்கள் பாட்டுக்கு வந்து போகும். உள்ளே இருந்த பருவங்கள் வேறு: அறிக்கைக்கு முன், அறிக்கை, அறிக்கைக்குப் பின். அரையாண்டு முடிகிற வாரத்தில் யாரும் சத்தமாகத் தும்மக்கூட மாட்டார்கள். தும்மினால் அது எந்தக் காலத்துத் தும்மல், இந்த அரையாண்டில் எழுதுவதா அடுத்ததில் எழுதுவதா என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் அன்றைய பொழுது போச்சு.

கணக்குப் பிரிவில் மூத்தவள் வவுச்சர் அக்கா. துண்டுச் சீட்டு இல்லாமல் கேட்டால் மணி என்ன என்றுகூடச் சொல்ல மாட்டாள் என்று கேலி பேசி அந்தப் பெயரை வைத்தார்கள். அவளும் கோபித்துக்கொள்ளாமல் அதை ஏற்றுக்கொண்டுவிட்டாள். அவளுடைய கணவர் அதே கட்டடத்தில் சரக்கு லிஃப்ட் ஓட்டினார். கீழ்த்தளத்திலிருந்து காகித உருளைகளையும் பசை டிரம்களையும் ஏற்றிக்கொண்டு, டிரம்களோடு டிரம்மாக நின்று, மேல்தளம் வரை போய் இறங்குவது அவர் வேலை. காலையில் இருவரும் ஒன்றாக வருவார்கள். அவள் படியேறி மேசைக்குப் போவாள், அவர் கம்பிக்கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு மேலே போவார்.

லிஃப்டைத் தூக்கும் இரும்புக் கயிற்றுக்கு ஆயுள் உண்டு. அது முடியும்போது மாற்றுவதற்காக ஒவ்வொரு அரையாண்டும் ஒரு தொகையை ஒதுக்கி வைப்பது நிறுவனத்தின் பழைய பழக்கம். அந்த ஒதுக்கீட்டை எழுதுவது வவுச்சர் அக்காதான். இன்னொரு பழக்கமும் இருந்தது, அது எங்கேயும் எழுதி வைக்கப்படாதது: ஒதுக்கீடு இல்லாத எதையும் அங்கே வாங்க மாட்டார்கள். ஆணி என்றாலும் அப்படித்தான், ஆம்புலன்ஸ் என்றாலும் அப்படித்தான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த இடத்துக்குப் புதிய கணக்கியல் தரநிலைகள் வந்து சேர்ந்தன. அவற்றைக் கொண்டுவந்தவர் ஓர் ஆலோசகர். வயதில் சின்னவர், வாயில் பெரியவர். கூட்ட அறையில் விளக்கை அணைத்துவிட்டு, சுவரில் படம் போட்டு அவர் பேச ஆரம்பித்தார்.

"நண்பர்களே! இதுவரை நீங்கள் பயந்து பயந்து கணக்கு எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கு உடையலாம், நாளைக்கு அறுந்துபோகலாம் என்று இன்றைக்கே பணத்தை ஒதுக்கியிருக்கிறீர்கள். அதற்குப் பெயர் கணக்கு இல்லை, கவலை! புதிய தரநிலையில் கவலைக்கு இடமே கிடையாது. ஒரு நிகழ்வு நடந்திருக்க வேண்டும். அந்த நிகழ்வு ஒரு கடமையை உண்டாக்க வேண்டும். நிகழ்வு இல்லையென்றால் கடமை இல்லை. கடமை இல்லையென்றால் ஒதுக்கீடு இல்லை."

வவுச்சர் அக்கா கையைத் தூக்கினாள். "சார், லிஃப்ட் கயித்துக்கு ஒதுக்கி வச்சிருக்கோமே?"

"கயிறு அறுந்துடுச்சா?"

"இல்ல சார். அறுந்துடக் கூடாதுன்னுதான்..."

"அப்போ நிகழ்வு இன்னும் நடக்கல." ஆலோசகர் அவளைப் பாசத்தோடு பார்த்தார். "நடக்காததுக்கு ஒதுக்கி வச்சிருக்கீங்க. அதைத் திருப்பி எடுத்தா என்ன ஆகும்னு யாராவது சொல்லுங்க?"

நிதி மேலாளர் எழுந்து நின்றார்.  "லாபம்," என்றார்.

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அன்று மாலை கேக் வெட்டினார்கள். "நாம் எதையும் விற்காமல், எதையும் செய்யாமல், வெறும் புரிதலால் மட்டும் சம்பாதித்த முதல் லாபம் இது," என்று நிதி மேலாளர் பேசினார். அந்த வாக்கியம் நன்றாக இருக்கிறது என்று குறித்துக்கொள்ளவும் சொன்னார். வவுச்சர் அக்கா தன் பங்குக் கேக்கைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

"எதுக்கு கேக்கு?" என்று கணவர் கேட்டார்.

அவள் சொன்னாள். அவர் ஒரு வாய் தின்று நிதானமாக மென்று பார்த்தார். "கயிறு ருசியாத்தான் இருக்கு. சீனிதான் கொஞ்சம் கூட."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டே, "விளையாட்டு இல்லம்மா. கயிறு அங்கங்கே நூல் விட்டிருக்கு. மேல போறப்போ ஒரு சத்தம் வருது, பல்லக் கடிக்கிற மாதிரி. நீதான் கணக்குல இருக்கியே, ஒரு கயிறு வாங்கித் தர முடியாதா?" என்றார்.

புடவை கேட்காத மனைவியிடம் கயிறு கேட்கிற புருஷன். வவுச்சர் அக்கா மறுநாள் காலையிலேயே நிதி மேலாளர் முன்னால் போய் நின்றாள்.

"ஒதுக்கீடு வேணாம் சார். நேரடியாச் செலவா எழுதி வாங்கிடலாமே?"

"எந்த அரையாண்டுல?"

"இந்த அரையாண்டுலதான்."

"இந்த அரையாண்டுல செலவு பண்ணா வளர்ச்சி படுத்துடுமே. வளர்ச்சி படுத்தா யாரு பொறுப்பு?"

"அப்போ அடுத்த அரையாண்டுலயாவது..."

"அடுத்த அரையாண்டுச் செலவைப் பத்தி இந்த அரையாண்டுல பேசவே கூடாதும்மா. ஒவ்வொரு காலமும் தன் கால்ல நிக்கணும். அதுதான் அரையாண்டு அறிக்கையோட ஆன்மா." அவர் குரல் தாழ்ந்தது. "நிகழ்வு நடக்கட்டும். நடந்த மறுநிமிஷம் நானே வாங்கித் தரேன். எனக்கு மட்டும் மனசு இல்லையா?"

 அவர் படித்தவர், பொய் சொல்கிறவரும் இல்லை. தனக்குத்தான் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பினாள். இப்படி நினைத்துக்கொள்கிறவர்கள் இருப்பதால்தான் அந்த மாதிரி நிறுவனங்கள் நடக்கின்றன.

அவள் விடாமல் கேட்டதில் ஒரு நன்மை விளைந்தது. நிகழ்வு நிர்ணயக் குழு என்று ஒன்றை அமைத்தார்கள். நிதி மேலாளர் தலைவர், ஆலோசகர் உறுப்பினர். தணிக்கையாளர் பார்வையாளராக வந்து உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிடுவார்.

சீக்கிரமே குழுவுக்கு வேலை வந்தது. லிஃப்ட் இரண்டு தளங்களுக்கு நடுவே சிக்கி நின்றுவிட்டது. உள்ளே லிஃப்ட்காரர் பசை டிரம்மின் மேல் உட்கார்ந்து, கம்பி இடுக்கு வழியாகப் போகிற வருகிறவர்களின் செருப்புகளை விசாரித்துக்கொண்டே அரை நாளைக் கழித்தார். அதைக் குழு ஆராய்ந்தது. நின்றது லிஃப்ட். கயிறு அல்ல. அவ்வளவு நேரமும் கயிறு பிடித்துக்கொண்டுதானே இருந்தது? ஆகவே இது கயிற்றின் வலிமைக்குச் சான்று என்று முடிவு எழுதினார்கள்.

அடுத்து, கயிற்றிலிருந்து பிரிந்த கம்பி ஒன்று தெறித்து அவர் உள்ளங்கையைக் கிழித்தது. கட்டுப் போட்ட கையோடு அவரையே குழு முன்னால் கூப்பிட்டார்கள்.

"முழுக் கயிறும் பிரிஞ்சுதா?" என்று ஆலோசகர் கேட்டார்.

"முழுசும் பிரிஞ்சிருந்தா நான் இங்க வந்திருக்க மாட்டேன் சார்."

"அதான் விஷயம்! பாதி நிகழ்வு, கால் நிகழ்வுன்னு தரநிலையில எதுவும் கிடையாது. சரி, இனிமே அறுந்து விழ வாய்ப்பு எவ்வளவு இருக்கும்னு நினைக்கிறீங்க? பாதிக்கு மேலயா, கீழயா?"

"ஒரு நாளைக்கு விழும் சார். என்னைக்குன்னுதான் தெரியல."

"உணர்ச்சி வேண்டாம், தரவு வேணும். இதுவரைக்கும் எத்தனை தடவை விழுந்திருக்கு?"

"விழல சார்."

ஆலோசகர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "கடந்த காலத்தில் விழுந்தது பூஜ்ஜியம். ஆகவே விழும் வாய்ப்பு பூஜ்ஜியம். மாற்றுக் கருத்து உண்டா? இவரே உயிருள்ள சான்றாக நம் முன் நிற்கிறார்."

மாற்றுக் கருத்து இல்லை. தணிக்கையாளர் லிஃப்ட்காரர் பக்கம் பிஸ்கட் தட்டை நகர்த்தினார்.

அன்று சாப்பிடும்போது வவுச்சர் அக்கா வெடித்துவிட்டாள். "நீங்க இனிமே அதுல ஏற வேணாம். வேற வேலை பாத்துக்கலாம்."

"வேற வேலையை யாரு வச்சுக்கிட்டுக் காத்திருக்கா? நான் ஏறலன்னா நாளைக்கே இன்னொருத்தனை ஏத்துவாங்க. அவனுக்குச் சத்தம் பழகியிருக்காது. எனக்காவது எப்போ மெதுவாப் போகணும்னு தெரியும்." அவர் அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். "பயப்படாம சாப்பிடு. வாய்ப்பு பூஜ்ஜியம்னு படிச்சவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க."

அரையாண்டு முடிந்தது. கணக்கை மூடினார்கள். கயிற்று ஒதுக்கீட்டைத் திருப்பியதில் லாபம் ஏறியிருந்தது. இயக்குநர்கள் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. வவுச்சர் அக்கா கடைசிப் பிரதியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். 'கடந்த ஆண்டறிக்கைக்குப் பின் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை' என்ற வரியில் அவள் பேனா இருந்தபோது கட்டடம் ஒரு தடவை குலுங்கியது. மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளை கவிழ்ந்தது. பிறகு அந்தச் சத்தம் கீழேயிருந்து வந்தது.

எல்லோரும் ஓடினார்கள். அவளுக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. எழுந்து போனால் அது நடந்ததாகிவிடும். ஈரமான தாள்களைக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். யாரோ வந்து தோளைத் தொட்டு, "அக்கா," என்று மட்டும் சொன்னார்கள்.

அவர் போய்விட்டார். பசையும் ரத்தமும் கலந்து காய்ந்திருந்ததால் சட்டையைக் கழற்ற முடியவில்லை, வெட்டித்தான் எடுத்தார்கள். மகள் அப்பாவின் கையை விட மறுத்தாள். வவுச்சர் அக்காவுக்கு அழுகை வரவில்லை. 

துக்கம் விசாரிக்கக் குழு முழுவதும் வந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் முன்சாய்ந்து உட்கார்ந்தார்கள். நிதி மேலாளருக்கு உண்மையாகவே கண் கலங்கியிருந்தது.

"உங்க வீட்டுக்காரர் மாதிரி பொறுப்பான ஆளைப் பாக்க முடியாதும்மா. காலம் முடியற வரைக்கும் தாக்குப் பிடிச்சுட்டார். ஒரு வாரம் முன்னாடி நடந்திருந்தா அரையாண்டே போயிருக்கும். கம்பெனி அதை மறக்காது."

தணிக்கையாளர் தொண்டையைச் செருமினார். "கேக்க வேண்டியது என் கடமை. தப்பா நினைச்சுக்காதீங்க. காலம் முடிஞ்ச அன்னைக்கே கயிறு மோசமா இருந்துச்சுன்னா கணக்கைத் திருத்தணும். அதுக்கப்புறம்தான் மோசமாச்சுன்னா ஒரு குறிப்புப் போட்டாப் போதும். அவர் உங்ககிட்ட ஏதாவது சொல்லியிருந்தாரா?"

"சொன்னார். தினமும் சொன்னார்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எங்க வச்சு சொன்னார்?" என்று ஆலோசகர் மெதுவாகக் கேட்டார்.

"வீட்லதான். சாப்பிடறப்போ."

ஆலோசகர் பெருமூச்சு விட்டார். "சாப்பிடறப்போ சொன்னது குடும்பத் தகவல். கம்பெனிக்குத் தெரிஞ்சதா ஆகாது."

"நான் உங்ககிட்ட வந்து சொன்னேனே சார்?" வவுச்சர் அக்கா நிதி மேலாளரைப் பார்த்தாள். "கைக்கட்டோட அவரே வந்து சொன்னாரே? பிஸ்கட் குடுத்தீங்களே?"

"சொன்னீங்க, யாரு இல்லன்னது? குழு அதை முறைப்படி ஆராய்ஞ்சு, வாய்ப்பு பூஜ்ஜியம்னு தீர்மானமும் போட்டுச்சு. அதனால காலம் முடிஞ்ச அன்னைக்குக் கயிறு நல்லாத்தான் இருந்துச்சு. தீர்மானமே இருக்கேம்மா."

தணிக்கையாளர் திருப்தியாகத் தலையசைத்தார். குறிப்பு ஏற்கெனவே தயாராக இருந்தது. மொழி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்கும்படி அவளிடமே நீட்டினார்கள், அந்த வேலையில் அவளைவிடக் கெட்டிக்காரி பிரிவில் இல்லை என்பதால். 'காலமுடிவுக்குப் பிந்தைய நிகழ்வு: சரக்கு லிஃப்ட் ஒன்றும் அதன் உள்ளடக்கமும் பயன்பாட்டில் இல்லை. நிதிநிலையில் குறிப்பிடத்தக்க தாக்கம் இல்லை.'

அவள் இரண்டு தடவை படித்தாள். "இதுல அவர் எங்க சார்?"

நிதி மேலாளர் குனிந்து, அந்த வார்த்தையை விரலால் தொட்டுக் காட்டினார். "'உள்ளடக்கம்'ங்கிறதுல வர்றார்மா. நாலு பசை டிரம்மும் அவரும்."

வெளியே யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். வவுச்சர் அக்கா தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "சரி. நிகழ்வு நடந்துடுச்சு. இப்பவாவது கயிறு வாங்குவீங்களா?"

பதில் சொல்ல எளிதான கேள்வி என்று ஆலோசகர் முகம் மலர்ந்தது. "எதுக்கு? லிஃப்டே இல்லையே. லிஃப்ட் இல்லாதப்போ கயிறு மாத்தற கடமை எங்கேருந்து வரும்?"

வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், மகள் படிக்க வேண்டும். வவுச்சர் அக்கா வேலைக்குத் திரும்பினாள். லிஃப்ட் இருந்த இடத்தைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். காகித உருளைகளும் பசை டிரம்களும் இப்போது படி வழியாக ஆள் தோளில் ஏறின. இதனால் மின்சாரம் மிச்சம் என்று அடுத்த கூட்டத்தில் பாராட்டு வந்தது.

ஒருநாள் சுமை தூக்குகிற பெண் ஒருத்தி, மூச்சு வாங்க, அவள் மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, மூணாவது மாடித் திருப்பத்துல கைப்பிடி ஆடுது. நாங்க அதைப் பிடிச்சுத்தான் சுமையோட திரும்பறோம். கொஞ்சம் சொல்லி வைங்கக்கா."

வவுச்சர் அக்கா எழுதிக்கொண்டிருந்ததிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்: "யாராவது விழுந்தாங்களா?"

"இன்னும் இல்லக்கா."

"அப்போ..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். தன் வாயிலிருந்து வந்தது யாருடைய குரல் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.  ஓடிப்போய்க் குழாயடியில் நின்று முகத்தைக் கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். கணவர் போனபோது வராத அழுகை அங்கே வந்தது.

அந்த அரையாண்டின் கடைசி நாளன்று வழக்கம்போல் சொத்துச் சரிபார்ப்பு. நிதி மேலாளரும் ஆலோசகரும் தணிக்கையாளரும் ஒவ்வொரு தளமாகப் போய், மேசை இருக்கிறதா, விசிறி இருக்கிறதா, படி இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தார்கள். வவுச்சர் அக்கா பின்னால் பட்டியலோடு நடந்தாள். மூன்றாவது மாடித் திருப்பம் வந்ததும் கைப்பிடிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கீழே சுமைக்காரப் பெண் யாரையும் வர விடாமல், இரண்டு கையையும் விரித்து வழியை மறித்துக்கொண்டு நின்றாள். வவுச்சர் அக்கா காலையிலேயே அவளிடம் சொல்லி வைத்திருந்தாள்.

"சார், ஒரு நிமிஷம் இங்க பாருங்க," என்றாள் வவுச்சர் அக்கா.

பட்டியலைத் தரையில் வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைப்பிடியைத் தோளால் முட்டினாள். முதல் முட்டில் சுவரிலிருந்து காரை உதிர்ந்தது. இரண்டாவது முட்டில் அது மொத்தமாகப் பெயர்ந்து, படிக்கட்டின் நடுவெளியில் இடித்து இடித்து விழுந்து, கீழே போய்க் கிடந்தது. ஒரு பெண்பிள்ளையின் இரண்டு முட்டுக்குத் தாங்காத கைப்பிடி அது.

சத்தம் அடங்கிய பிறகு அவள்தான் முதலில் பேசினாள்.

"நிகழ்வு நடந்துடுச்சு. காலம் இன்னும் முடியல. எழுதிக்கோங்க."

தணிக்கையாளர் பழக்க தோஷத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துவிட்டார். குறித்த பிறகுதான் செய்ததை உணர்ந்து விழித்தார். ஆலோசகர் சமாளிக்கப் பார்த்தார். "கைப்பிடியே இல்லாதப்போ..."

"படி இருக்கு சார். இப்போதான் 'இருக்கு'ன்னு குறிச்சீங்க. கையெழுத்துப் போட இயக்குநருங்க இந்தப் படியிலதான் ஏறி வரணும்."

குழு உடனே கூடியது, நெடுநேரம் பேசியது. நிகழ்வு நடந்திருக்கிறது, தணிக்கையாளரே நேரில் பார்த்திருக்கிறார், இயக்குநர்களில் ஒருவருக்கு முழங்கால் வலி வேறு. ஆகவே கடமை உண்டாகிவிட்டது என்று தீர்மானித்தார்கள். நிறுவனத்தின் சரித்திரத்திலேயே அவ்வளவு வேகமாக ஒரு பொருள் வாங்கப்பட்டதில்லை. கனமான இரும்புக் குழாயில் புதுக் கைப்பிடி வந்து சுவரில் ஆழமாகப் பதிந்தது. சேதம் ஊழியர் ஒருவரால் வேண்டுமென்றே விளைவிக்கப்பட்டதால் செலவு முழுவதும் அவர் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கப்படும் என்றும் எழுதினார்கள். அந்த வரிக்குக் கீழே நிதி மேலாளர் மகிழ்ச்சியோடு தன் கையாலேயே சேர்த்தார்: 'நிதிநிலையில் தாக்கம் எதுவும் இல்லை.'

அந்த மாதம் சம்பளம் குறைவாக வந்தது. வவுச்சர் அக்கா அதைச் செலவுக்குப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தபோது மகள் கவனித்துவிட்டாள்.

"என்னம்மா, இவ்வளவுதானா?"

"ஒரு கைப்பிடி வாங்கினேன்."

"கைப்பிடியா? எதுக்கு?"

"படிக்கு."

"நம்ம வீட்ல படியே இல்லையேம்மா!"

வவுச்சர் அக்கா கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். ஆளில்லாத ஒரு மதிய வேளை, காலி லிஃப்ட், கையில் ஒரு ரம்பம். அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கும். அவர் இருந்தபோதே கயிற்றை அவளே அறுத்துவிட்டிருக்கலாம்.

"கயிறு வாங்கியிருக்கணும்டி," என்றாள். "அப்போ எப்படி வாங்கறதுன்னு தெரியல."